மனசுக்குள் கதைக்கிறவர்களும் ஒளிக்கிறார்கள்

முதலாம் பாகத்தை இரவல் கேட்டால் யாரும் தருவார்கள். இரண்டாம் பாகத்தைக் கேட்டுப் பாருங்கள், முகம் கொஞ்சம் மாறும். "இன்னும் முடிக்கேல்லை" என்று சாட்டுச் சொல்வார்கள். உண்மையில் முடித்து ஒரு மாதம் ஆகியிருக்கும். பிடித்த இடங்களைப் புரட்டிப் புரட்டி வாசித்துக்கொண்டிருப்பார்கள். அமெரிக்க எழுத்தாளர் ரெபெக்கா யாரோஸின் டிராகன் வீரர் நாவல்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்த பிறகு, ஆங்கிலத்தில் வாசிக்கிற இளம் பெண்களிடம் நான் பார்ப்பது இது. பெடியளும் வாசிக்கிறார்கள். அட்டையைத்தான் காட்டமாட்டார்கள்.

தொடர் நாவல்களில் இரண்டாம் பாகம் சறுக்குவது வழக்கம். 'அயர்ன் ஃபிளேம்' என்ற இந்த இரண்டாம் பாகமும் குறையில்லாதது என்று சொல்லமாட்டேன். 600 பக்கத்துக்கு மேல் போகிறது, நடுவிலே நன்றாகத் தொய்கிறது. அப்படியிருந்தும் சாமம் தாண்டிக் கண்விழித்து வாசிக்க வைக்கிறது. டிராகன் பறக்கிறது, காதலர் சண்டைபிடிக்கிறார்கள், எல்லாம் சரி. ஆனால் பக்கத்தைப் புரட்ட வைக்கிற விசை, என் கணிப்பில், ஒளிப்புத்தான். யார் எதை யாரிடமிருந்து மறைத்தார், அதற்கு என்ன நியாயம் சொன்னார் என்கிற ஒரே கேள்வியை ஆசிரியர் காதலிலும் போடுகிறார், அரசியலிலும் போடுகிறார். இந்த ஊரில் இருந்து வாசிக்கும்போது அந்தக் கேள்வி வேறு இடத்தில் போய்க் குத்துகிறது. அதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன். முதலாம் பாகத்தின் முடிவைத் தொடாமல் இதை எழுத முடியாது. அதை இன்னும் வாசிக்காதவர்கள் முதலில் அதை முடித்துவிட்டு வரலாம். இரண்டாவதின் முடிவைச் சொல்லப்போவதில்லை.

கதை நடப்பது நவார் என்ற கற்பனை நாட்டில். அங்கே பாஸ்கியத் என்று ஒரு போர்க் கல்லூரி. வயலட் என்ற 20 வயதுப் பெண், தகப்பனைப் போல ஏடுகளோடும் வரலாற்றோடும் இருந்துவிட ஆசைப்பட்டவள். தாய் இராணுவ ஜெனரல். தாய் சொன்னால் சொன்னதுதான். பிள்ளை டிராகன் பிரிவுக்குப் போகவேண்டும். கலைப்பிரிவு எடுக்க நினைத்த பிள்ளையை உயிரியலில் தள்ளிவிட்ட வீடுகள் கோண்டாவிலிலும் உண்டு, கொக்குவிலிலும் உண்டு என்பதால் இந்த முதல் அத்தியாயத்துக்கு யாழ்ப்பாணத்தில் யாருக்கும் உரை தேவைப்படாது. வித்தியாசம் என்னவென்றால், பாஸ்கியத்தில் பெயிலானால் மறுமுறை எழுத முடியாது. சேரும் நாளன்றே ஒடுங்கிய கல்மதில் ஒன்றின் மேலால் நடந்து கடக்கவேண்டும். கால் தவறினால் சாவு.

வயலட்டின் உடம்பும் லேசானது. மூட்டு அடிக்கடி விலகும், எலும்பு சுலபமாய் முறியும். நாவலில் இதற்கு நோயின் பெயர் வைக்கவில்லை. ஆசிரியருக்கே எலர்ஸ்-டான்லோஸ் என்ற இணைப்பிழையக் கோளாறு இருக்கிறது. அந்த அனுபவத்தையே நாயகிக்குக் கொடுத்திருக்கிறார். அதனால் வலியை எழுதும் இடங்களில் பொய் தெரியவில்லை. தோள்மூட்டு விலகினால் அதைத் திரும்ப உள்ளே தள்ளுவது எப்படி, எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பது, முழங்காலுக்கு எப்படித் துணி சுற்றுவது என்பதெல்லாம் பழகிய ஆளின் கைப்பக்குவத்தோடு வருகிறது.

யாரோஸ் இதற்கு முன் எழுதியவை பெரும்பாலும் சமகாலக் காதல் நாவல்கள். கணவர் அமெரிக்க இராணுவத்தில் இருந்தவர்; இராணுவக் குடும்பத்தின் வாழ்க்கை அவருக்கு உள்ளிருந்து தெரியும். முதலாம் பாகமான 'ஃபோர்த் விங்' 2023 மே 2இல் வந்தது. என்டாங்கிள்ட் என்ற காதல் நாவல் பதிப்பகம் புதிதாய்த் தொடங்கிய ரெட் டவர் என்ற பிரிவின் வெளியீடு. இரண்டாம் பாகம் அதே ஆண்டு நவம்பர் 7இல் வந்துவிட்டது. மாயமும் மந்திரமும் நிறைந்த பெரிய கனவுருப் புனைவுத் தொடர்களில் அடுத்த பாகத்துக்கு வருடக்கணக்கில் காத்துக் கிடப்பதே வழமை. இங்கே ஆறே மாதம். ரிக்ரொக்கில் முதல் பாகத்தைப் பற்றி ஆட்கள் அழுதும் சிரித்தும் போட்ட காணொளிகள் சூடு ஆறும் முன்னரே அடுத்தது கடைக்கு வந்தது. மூன்றாம் பாகமான 'ஓனிக்ஸ் ஸ்டோர்ம்' 2025 ஜனவரி 21இல் வந்து, முதல் வாரத்திலேயே 27 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. மொத்தம் ஐந்து பாகம் என்பது திட்டம்.

இனி டிராகன். மேற்கத்தையக் கதைகளில் அது நெடுங்காலம் கொல்லப்படவேண்டிய பிராணியாகத்தான் இருந்தது. பொன்குவியல் மேல் படுத்திருக்கும், ஊரை எரிக்கும், வீரன் வந்து குத்துவான். 1937இல் வந்த டோல்கீனின் 'தி ஹொபிட்'டில் அது பேசும், தந்திரம் செய்யும், ஆனாலும் எதிரிதான். அதன் முதுகில் மனிதரை ஏற்றி, இரண்டு பேரின் மனசையும் ஒரே கயிற்றால் கட்டிய வேலையை நிலைநாட்டியவர் ஆன் மக்காஃப்ரி. 1967இல் 'அனலொக்' என்ற அறிவியல் புனைகதைச் சஞ்சிகையில் வந்த அவருடைய குறுநாவலுக்கு அடுத்த ஆண்டு அந்தத் துறையின் பெரிய விருதான ஹியூகோ கிடைத்தது; புனைவுக்காக அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர். 1968இல் அது 'டிராகன்ஃபிளைட்' நாவலில் சேர்ந்தது. அங்கே முட்டை உடைந்து வெளியே வரும் குஞ்சு, சுற்றி நிற்கிற இளையவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். அந்தக் கணத்திலிருந்து இருவருக்கும் மனசுக்குள் பேச்சு. ஆள் செத்தால் டிராகனும் தன்னை முடித்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் மக்காஃப்ரி செய்தார், அதுதான் இன்றைய காதல் நாவல்களுக்கு வித்து. இரண்டு டிராகன்கள் வானத்தில் கூடும்போது அவற்றின் வேகம் கீழே நிற்கும் வீரர்களையும் அடித்துச் செல்லும். அவர்கள் விரும்பினார்களா என்ற கேள்வியை அந்தக் கதை சரியாகக் கேட்கவில்லை. இன்று வாசிக்கும் பெண்களுக்கு அந்த இடம் உறுத்தும், உறுத்தவும் வேண்டும். பிறகு வந்த கிறிஸ்டோஃபர் பவோலினியின் 'எரகன்' சிறுவர்களுக்கு இந்தப் பிணைப்பைக் கொண்டுபோனது. நவோமி நோவிக் 2006இல் நெப்போலியன் காலப் போருக்குள் டிராகன் படையைப் பறக்கவிட்டார். அவற்றில் பிணைப்பு நட்பாக இருந்தது. யாரோஸ் மக்காஃப்ரியின் பழைய முடிச்சை மறுபடி கையில் எடுத்து, உறுத்திய பகுதியைக் கழற்றிவிட்டு, மற்றதை வைத்துக்கொண்டார்.

மிருகம் வந்து ஆளைத் தேர்ந்தெடுப்பது எங்களுக்குப் புதிய சங்கதியும் இல்லை. சைவநெறிப் பாடம் படித்தவர்களுக்கு மூர்த்தி நாயனார் ஞாபகம் வரும். மதுரையைப் பிடித்த கருநாட மன்னன் இறைவனுக்கு அரைக்கும் சந்தனத்தை மறித்துவிட, முழங்கையைக் கல்லில் வைத்து எலும்பு தெரியத் தேய்த்தவர். அன்றிரவே மன்னன் சாகிறான், வாரிசில்லை. அடுத்த மன்னனைத் தேர அமைச்சர்கள் யானையின் கண்ணைக் கட்டி வீதியில் விடுகிறார்கள். அது கோயில் வாசலில் நின்றவரைத் தூக்கித் தன் முதுகில் வைக்கிறது. நாவலர் 1852இல் பெரியபுராணத்தை வசனமாக்கிய பிறகு இந்தக் கதை யாழ்ப்பாணத்துத் திண்ணைகளுக்கெல்லாம் வந்துவிட்டது. கரிகாலனை மன்னனாக்கக் கருவூரில் தேடிப்போன கழுமலத்து யானை 'பழமொழி நானூறு' பாட்டில் இருக்கிறது. குலம், சொத்து, சிபாரிசு, பரீட்சைப் புள்ளி ஒன்றையும் பார்க்காத ஒரு பெரிய மிருகம் உன்னைத்தான் என்று வந்து நிற்பதில் உள்ள கிளர்ச்சி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் யானை தேர்ந்தெடுத்ததோடு அதன் வேலை முடிகிறது. மூர்த்தியார் என்ன நினைக்கிறார் என்று அது கேட்டுக்கொண்டிருக்கவில்லை. டிராகன் கேட்கும். தன் வீரர் மனசில் ஓடுவது அதற்குத் தெரியும். வேண்டாத நேரத்தில் மூக்கை நுழைத்து நக்கலும் அடிக்கும்.

வயலட்டைத் தேர்ந்தெடுப்பது டேர்ன் என்ற கறுத்தப் பெரிய டிராகன். அதன் துணை ஸ்கேயல். ஸ்கேயலின் வீரன் ஸேடன். வயலட்டின் தாய் அடக்கிய கிளர்ச்சியின் தலைவருடைய மகன். அந்தத் தலைவருக்கு மரணதண்டனை. ஆகவே மகன் அவளைக் கொல்ல நியாயமுள்ளவன். இப்போது கணக்கைப் பாருங்கள். வயலட் செத்தால் டேர்ன் தாங்காது, டேர்ன் போனால் ஸ்கேயல் தாங்காது, ஸ்கேயல் போனால் ஸேடன் இல்லை. பகைவனின் மகளைக் காப்பாற்றினால்தான் தன் உயிர். இரண்டு டிராகன்களும் நீண்டநாள் பிரிந்திருக்கவும் மாட்டா. அதற்கு மேல், அந்த ஜோடியின் பிணைப்பினால் ஸேடனும் வயலட்டும்கூட மனசுக்குள்ளேயே கதைக்கலாம். பகை, காதல், கட்டாயம் மூன்றையும் ஒரே ஆணியில் மாட்டிவிட்டார் ஆசிரியர். நல்ல தச்சுவேலை.

இரண்டாம் பாகத்தில்தான் இந்தத் தச்சுவேலைக்குச் சோதனை. ஆங்கிலக் காதல் நாவல் சந்தையில் எழுதாத ஒப்பந்தம் ஒன்று உண்டு: கடைசிப் பக்கத்தில் ஜோடி சேரவேண்டும், வாசகர் நிம்மதியாய் மூடவேண்டும். அதனால் அங்கே தொடர் எழுதுகிறவர்கள் அடுத்த பாகத்தில் வேறு ஜோடிக்குப் போய்விடுவார்கள். முதல் நாவலில் தம்பியாக வந்தவன் இரண்டாவதில் நாயகனாவான். கனவுருப் புனைவில் ஒப்பந்தம் வேறு. அங்கே ஒரே ஆட்களின் பயணம் ஐந்தாறு பாகம் நீளும். இந்த இரண்டையும் ஒட்டவைத்து இப்போது ரொமான்டசி என்று விற்கிறார்கள். 2015இல் தொடங்கிய சாரா ஜே. மாஸின் தேவதைத் தொடரே இந்தச் சந்தையைப் பெருப்பித்தது. ஒட்டவைப்பதில் உள்ள சிக்கல் இதுதான்: ஒரே ஜோடியை ஐந்து பாகம் இழுப்பதென்றால் பாகத்துக்குப் பாகம் அவர்களைப் பிரித்துச் சேர்க்கவேண்டும். சும்மா பிணக்கு வைத்தால் வாசகருக்கு எரிச்சல் வரும். எங்கள் பின்னேரச் சின்னத்திரைத் தொடர்களில் ஒரு வார்த்தை வாய்திறந்து சொன்னால் தீரக்கூடிய சண்டையை ஆறு மாதம் ஓட்டுவார்களே, அந்த எரிச்சல்.

யாரோஸ் அதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறார். ஒன்று சாதாரண வழி, தூரம். படிப்பு முடித்த ஸேடனை எல்லையில் உள்ள காவலரணுக்கு அனுப்பிவிடுகிறார்கள். டிராகன்களுக்காக இருவரும் இடையிடையே சந்திக்க விடுமுறை உண்டு. கல்லூரியில் புதிதாய் வந்த அதிகாரி அந்த விடுமுறையைத் தடியாக எடுக்கிறான்; அவன் சொல் கேட்காவிட்டால் பயணம் இல்லை. காதலர் சந்திப்பு ஓர் அதிகாரியின் கையெழுத்தில் தொங்குவது என்ன என்று, போர்க்காலத்தில் கிளாலிக் கடலேரியைத் தாண்டவும் பயணப் பாஸ் எடுக்கவும் வரிசையில் நின்ற தலைமுறைக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மற்ற வழிதான் சங்கதி. முதலாம் பாகத்தின் முடிவில் வயலட்டுக்கு இரண்டு உண்மை ஒன்றாக உடைகிறது. பாட்டிக் கதை என்று அரசு சிரித்துத் தள்ளிய கொடிய எதிரி உண்மையில் இருக்கிறது. அரசு அதை அறிந்தே மக்களிடம் மறைத்திருக்கிறது. தான் நேசித்தவனுக்கும் அது முன்னமே தெரியும்; அவன் எல்லைக்கு அப்பால் உள்ளவர்களுக்கு இரகசியமாக ஆயுதம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான், தன்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. ஆகவே இரண்டாம் பாகம் தொடங்கும்போது அவள் கேட்பது மன்னிப்பல்ல. இனி எதையும் ஒளிக்காதே என்கிறாள். அவனோ, நீ கேட்டால் பதில் சொல்வேன், நானாக எல்லாவற்றையும் கொட்டமாட்டேன் என்கிறான். 600 பக்கத்துக்கு இந்த வழக்குத்தான். மனசுக்குள்ளேயே பேசக்கூடிய இரண்டு பேர், இடையில் தொலைபேசியும் வேண்டாம் கடிதமும் வேண்டாம், அப்படியும் ஒருவர் ஒளிக்கிறார்.

இந்த இடத்தை எட்டியவர்கள் புத்தகத்தை விடமாட்டார்கள். திருநெல்வேலியில் கம்பஸ் பிள்ளைகள் தங்கும் வீடொன்றின் விறாந்தையில் இப்படிக் கேட்டது:

"அக்கா, ரெண்டாவதைத் தாங்கோவன்."

"முதலாவதை முடிச்சிட்டியே?"

"நேற்றுச் சாமம் முடிச்சன். உப்பிடி விட்டிட்டு எப்பிடி நித்திரை கொள்ளுறது?"

"உனக்குத் திங்கட்கிழமை சோதனை எல்லோ. சோதனை முடிய வா, தாறன்."

"அப்ப அவன் ஏன் சொல்லேல்லை எண்டதை மட்டும் சொல்லுங்கோ. சொல்லியிருக்கலாம்தானே?"

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

அவன் ஏன் சொல்லவில்லை? நாவல் கொடுக்கும் பதில் சோம்பல் பதில் இல்லை. அந்தக் கல்லூரியில் ஒவ்வொருவருக்கும் டிராகன் வழியாக ஒரு தனிச் சக்தி கிடைக்கும். வயலட்டின் சின்னவயதுத் தோழனுக்குக் கிடைத்தது, தொட்டால் மற்றவரின் அண்மைய நினைவுகளைப் பார்க்கும் சக்தி. அவன் அன்பாய்க் கன்னத்தைத் தொட்டாலே போதும், உள்ளே இருப்பது வெளியே போய்விடும். இன்னொரு பக்கம், தண்டனை பெற்ற கிளர்ச்சிக்காரரின் பிள்ளைகள் 107 பேரின் நல்லொழுக்கத்துக்கு ஸேடன் தன் உயிரைப் பிணை வைத்திருக்கிறான். அதற்காக முதுகில் 107 தழும்பு. ஒரு பிள்ளை பிசகினாலும் போவது அவன் தலை. அவளுக்குச் சொன்னால் அந்தப் பிள்ளைகள் எல்லோரையும் பணயம் வைத்ததாகும். சொல்லாவிட்டால் அவளை ஏமாற்றியதாகும். எது சரி என்று ஆசிரியர் சட்டென்று தீர்ப்புச் சொல்லவில்லை.

போர்க்காலத்தில் இங்கே வளர்ந்தவர்கள் இந்த வாதத்தை வீட்டுக்குள்ளேயே கேட்டிருக்கிறார்கள். "உங்களுக்குத் தெரியாமல் இருக்கிறதுதான் நல்லது அம்மா" என்று சொல்லிவிட்டுப் படலையைத் தாண்டிய பிள்ளைகள் இருந்தார்கள். எங்கே போகிறாய் என்று கேட்பதை நிறுத்திக்கொண்ட தாய்மார் இருந்தார்கள். அது அன்பு குறைந்ததால் வந்த மௌனம் இல்லை. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கச் செய்தது. அறையொன்றுக்குள் கூட்டிப்போனால் வாயிலிருந்து எடுக்க ஏதும் இருக்கக்கூடாது என்றால், முதலில் காதில் விழாமல் இருக்கவேண்டும். மற்றப் பக்கத்து ஆட்களும் கேள்வி கேட்பவர்கள்தான். தெரிந்தவருக்கு ஆபத்து இரண்டு திசையிலிருந்தும் வந்தது. பிறகு பல வருடம் கழித்து, ஆள் திரும்பியோ திரும்பாமலோ போனபின், "எனக்குச் சொல்லியிருக்கலாம்" என்ற வார்த்தை வரும். பாதுகாத்தேன் என்பது ஒருவர் கட்சி. என்னை நம்பவில்லை என்பது மற்றவர் கட்சி. கொலராடோவில் இருந்து டிராகன் கதை எழுதுகிற ஒருவர் இதை நினைத்து எழுதியிருக்க வழியில்லை. ஆனால் 2009க்குப் பிறகு பிறந்த, அல்லது அப்போது கைக்குழந்தையாய் இருந்த பிள்ளைகள் இந்தச் சண்டையைப் பக்கத்தில் வாசித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் தாயும் மாமாவும் ஏன் சில பேரைச் சொன்னதும் அடங்கிப் போகிறார்கள் என்று யோசிக்கத் தொடங்குவதைக் கண்டிருக்கிறேன்.

கிளர்ச்சிக்காரரின் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். பெற்றோரைக் கொன்ற அதே படையில் அவர்களைக் கட்டாயமாய்ச் சேர்க்கிறார்கள். கையில் அழியாத அடையாளம். கூட்டமாய்ச் சேர்ந்து நிற்கவே தடை. இவ்வளவு பாரமான ஒன்றைப் போட்டுவிட்டு ஆசிரியர் பெரும்பாலும் அதை நாயகனின் முகத்துக்கு நிழல் பூசத்தான் பயன்படுத்துகிறார். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் தன் தாயை நினைத்து அழும் அத்தியாயம் ஒன்று இருந்திருந்தால் நான் இந்த நாவலை இன்னும் மதித்திருப்பேன். அரசு பொய் சொல்கிறது என்று உரக்கச் சொல்கிற கதை, சீருடையையும் அணிவகுப்பையும் படைத்தோழமையையும் ஆசையோடுதான் பார்க்கிறது. எழுதியவர் இராணுவக் குடும்பத்து ஆள் என்பது அங்கே தெரிகிறது. சோதனைச் சாவடிகளுக்குள் வளர்ந்த கண்ணுக்கு அந்த ஆசை ஒட்டாது.

நடுவில் தொய்வு என்றேன். கதை இரண்டாகப் பிரிந்து, பாதிக்குப் பிறகு வேறிடத்துக்கு மாறுகிறது. நேற்றுவரை எதிரியாய் இருந்த, கழுகுத் தலையும் சிங்க உடம்பும் உள்ள கிரிஃபன்களில் பறக்கிற வீரர்கள் வந்து சேருகிறார்கள், அவர்களில் ஸேடனின் பழைய காதலி ஒருத்தி. மற்றவரின் உணர்ச்சியைத் தூண்டிவிடும் சக்தி அவளுக்கு. பொறாமை, வாய்ச்சண்டை, மறுபடி பொறாமை. நூறு பக்கம் வெட்டியிருக்கலாம்.

ஆனால் அதே தொய்வுக்கு நடுவில்தான் எனக்குப் பிடித்த இழை ஓடுகிறது: நூலகம். வயலட்டின் தகப்பன் அவளுக்குக் கொடுத்த பழங்கதைப் புத்தகம் ஒன்று, நாட்டின் பெரிய ஏட்டுக்கூடத்தில் இல்லை. பதிவிலும் இல்லை. யாரோ எடுத்துவிட்டார்கள். எல்லையைக் காக்கும் மந்திர அரண் முதலில் எப்படிக் கட்டப்பட்டது என்று ஆதி வீரர்கள் எழுதிவைத்த குறிப்புகள் பூட்டிய அறைக்குள் இருக்கின்றன. ஏட்டாளராகப் படிக்கிற தோழி ஜெசினியா, காது கேளாதவள், சைகையில் பேசுகிறவள், ஒவ்வொன்றாக ஒளித்துக் கொண்டுவந்து தருகிறாள். பிடிபட்டால் அவளுக்குச் சாவு. போரில் வெல்லுவதற்கான வழி வாளில் இல்லாமல் ஒரு பழைய கையெழுத்துப் பிரதியில் கிடக்கிறது. இளம் வாசகருக்கான சந்தைச் சரக்கு என்று தள்ளிவிடுகிற ஒரு நாவலுக்குள், ஓர் அரசு தன் மக்களிடமிருந்து வரலாற்றை எப்படி எடுக்கும் என்ற நடைமுறை விளக்கமாய் இருக்கிறது: தீ வைக்கத் தேவையில்லை, அட்டவணையிலிருந்து பெயரை அழித்துவிட்டு ஒரு தலைமுறை காத்திருந்தால் போதும்.

எங்களுக்குத் தீயே வைத்தார்கள். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. இன்று அதே கட்டடம் வெள்ளை வெளேரென்று நிற்கிறது; முன்னால் சரஸ்வதி சிலை; உள்ளே பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய ஆவணகம், வீட்டுப் பரண்களில் கிடந்த பத்திரிகை, மலர், துண்டுப்பிரசுரம் எல்லாவற்றையும் மின்வருடி வைத்துக்கொண்டே வருகிறது. ஜெசினியா செய்வதும் அதே வேலைதான், கொஞ்சம் கூடிய ஆபத்தோடு. இந்த நாவலில் எந்தக் காதல் காட்சியையும்விட, அவள் அங்கிக்குள் புத்தகத்தை மறைத்துக்கொண்டு காவலாளியைத் தாண்டும் இடத்தில்தான் என் நெஞ்சு கூட அடித்தது. காதல் காட்சிக்காக வாசிக்கிறவர்கள் என்னை மன்னிக்கலாம்.

அந்தக் காட்சிகளைப் பற்றிச் சொல்லாமல் விடுவது பெற்றோருக்குச் செய்யும் அநியாயம். இது சிறுவர் புத்தகம் இல்லை. அட்டையில் டிராகன் இருப்பதால் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுத்த மாமிமார் உண்டு. படுக்கையறைக் காட்சிகள் விரிவானவை. கூடவே சித்திரவதைக் காட்சிகளும் இருக்கின்றன. 2009 அளவில் அமெரிக்கப் பதிப்பகம் ஒன்று 'நியூ அடல்ட்' என்று ஒரு வகையைப் பிரித்துப் பேசத் தொடங்கியது. பள்ளி முடித்து இருபதுகளில் நுழைகிறவர்களுக்கானது. இதுவும் அந்த வகை. கம்பஸ் பிள்ளைகள் சிலர் அட்டைக்கு மேல் கொப்பிக்குப் போடும் மண்ணிறத் தாளைப் போட்டு, மேலே பாடத்தின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஓரங்களில் கறுப்பு மை பூசிய பதிப்பென்றால் அந்த வேஷமும் பலிக்காது. மேசையில் தட்டையாய் வைத்தாலே என்ன புத்தகம் என்று தெரிந்துவிடும்.

புத்தகம் இங்கே வருகிற வழியும் இரவல் கொடுக்கத் தயங்குவதற்கு ஒரு காரணம். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயைச் சுற்றி நின்ற நிலைமாறி 360 வரை ஏறியபோது இறக்குமதிப் புத்தகத்தின் விலையும் ஏறியது. ஏறினது இறங்கிப் பழைய இடத்துக்கு வரவில்லை. கொழும்பில் வாங்கி பஸ்ஸில் போடுவிக்கிறார்கள். லண்டனிலிருந்தோ ஸ்காபரோவிலிருந்தோ வருகிறவர்களின் பெட்டிக்குள் சொக்லேட்டோடு வருகிறது. மீதிப்பேர் போனில் திருட்டுப் பிரதி. புத்தகமாய்க் கையில் உள்ளவர் அதைத் தங்கச் சங்கிலி போலத்தான் பார்த்துக்கொள்வார். முதலாம் பாகம் பலரிடம் இருக்கிறது, போனாலும் வேறு எடுக்கலாம். இரண்டாவது கிடைப்பது அரிது, தடிப்பும் கூட.

காத்திருந்து வாசிப்பது இந்த ஊருக்குப் பழக்கம்தான். 1950 முதல் 1954 வரை கல்கியில் 'பொன்னியின் செல்வன்' வந்தபோது வாரா வாரம் பக்கங்களைக் கழற்றித் தைத்துக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். அந்தக் கட்டுகள் 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லாத வருடங்களில் ஜாம் போத்தல் விளக்கடியில் மறுபடி வாசிக்கப்பட்டன. புதிது வர வழியில்லை. அந்த நாவலின் முடிவு போதாது என்று வாசகர்கள் பிடித்துக்கொண்டதில் கல்கி தனியாக முடிவுரை எழுதி, யார் யாருக்கு என்ன ஆனது என்று சொல்லவேண்டி வந்தது. அடுத்து என்ன என்ற பசி அன்றும் இதுதான்.

யாரோஸுக்கு இன்னும் இரண்டு பாகம் மிச்சம். இரண்டாவதில் ஓடிய இயந்திரம் மூன்றாவதிலும் ஓடுகிறது: ஒருவர் பெரிய உண்மை ஒன்றை வைத்திருக்கிறார், மற்றவர் சுற்றியுள்ள எல்லோரிடமும் அதை மறைக்க உதவவேண்டியிருக்கிறது. இம்முறை மறைப்பது அவளும்தான் என்பது நல்ல திருப்பம். முன்னர் அவனைக் குற்றம் சொன்னவளே அவன் சொன்ன நியாயத்தைச் சொல்லத் தொடங்குகிறாள். ஆனால் ஒரே நெம்புகோலை எத்தனை தரம் போட்டு மிண்டுவது? நான்காவதிலும் யாரோ யாரிடமோ ஒன்றை ஒளித்துவிட்டு "உன் நன்மைக்காக" என்றால் எனக்குப் புத்தகம் கையிலிருந்து நழுவிவிடும். ஏட்டுக்கூடத்தின் கதவைத் திறந்து, அழிக்கப்பட்ட வரலாறு முழுவதையும் நவார் மக்களுக்கு முன்னால் ஜெசினியா வாசித்துக் காட்டினால், எவ்வளவு விலை சொன்னாலும் கொழும்பிலிருந்து எடுப்பிப்பேன்.